தப்பால் மணியத்தின் முதுகுக் குடை

சுமித்ரா போன அன்று மழை பெய்யவில்லை.

எஹலியகொடைக்கு மேலே, இறப்பரும் தேயிலையும் மாறி மாறி ஏறிப்போகும் அந்தத் தோட்டத்தில், புரட்டாசி பிறந்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் வானம் வெளுத்து யாரும் பார்த்ததில்லை. 2022ஆம் ஆண்டுப் புரட்டாசியில் ஒரு புதன்கிழமை மட்டும் காலையில் அடித்த வெயில் அப்படியே நின்றது. கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் நமுத்துப்போன பாய்களை வாசலில் இழுத்துப் போட்டார்கள். பொண்ணு நல்ல நேரத்தில்தான் புறப்படுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா, துளி மழையும் இல்லாத அந்த வெயிலில், முதுகில் குடை விரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

இரண்டு தோளிலும் புத்தகப் பையின் வார். முதுகோடு ஒட்டி ஒரு பலகை. பலகையில் திருகாணி போட்டு இறுக்கிய பிளாஸ்டிக் பைப். அந்தப் பைப்புக்குள் காம்பு இறங்கி, தலைக்கு மேலே நிமிர்ந்து நின்ற கறுப்புக் குடை. வலது கையில் மகளின் பெட்டி. இடது கையில் கட்டைவிரல் மட்டுந்தான் இருந்தது. அதில் எதையும் பிடிக்க முடியாது.

"என்னங்க இது, வெயில்ல?" என்றாள் அவர் மனைவி இராஜம்.

"வழியில புடிச்சிக்கிட்டா?"

"மணியண்ணே, அத கழட்டிருங்க" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒங்கள பாத்துட்டு வானமே தேதிய மறந்துட்டேன்னு அழ ஆரம்பிச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுமித்ரா சிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் குடைப்பலகையைச் செய்தவளே அவள்தான்.

சந்தி வரைக்கும் இரண்டு மைல். அவள் முன்னால் நடந்தாள், இராஜம் நடுவில், குடை கடைசியில். பஸ் வந்ததும் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். மணியம் பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்தபோது, "வையுங்க" என்றாள். மூன்று மாதமாக அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக, "போயிட்டு வாறேன்" என்றாள். அது அம்மாவுக்கு மட்டும் சொன்னதா, இருவருக்கும் சேர்த்துச் சொன்னதா என்பதை மணியம் அன்றிலிருந்து மனதுக்குள் புரட்டிக்கொண்டே இருந்தார்.

சம்பளப் பட்டியலில் அவர் பெயர் பாலசுப்பிரமணியம். தோட்டத்தில் தப்பால் மணியம். அதற்கு முன்னால் ஸ்டோரில் இறப்பர் ஷீட் அடிக்கிற ரோலரில் நின்றவர். ஒரு நாள் உறைந்த இறப்பர்ப் பால்கட்டியோடு சேர்ந்து நான்கு விரல்களும் ரோலருக்குள் போய்விட்டன. கையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்த்து, அப்போது தோட்டத்தை நிர்வகித்த தொரை, "கால் ரெண்டும் இருக்குதானே" என்று சொல்லி, தோட்டத்துத் தபாலைச் சுமக்கிற தப்பால் பையைக் கொடுத்தார்.

காலையில் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு சந்தித் தபால் கந்தோருக்கு இறங்க வேண்டும். பூட்டிய பையை மத்தியானத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து ஆபீசில் கொடுக்க வேண்டும். லயத்துக்கு வந்த கடிதங்களைப் பிரித்துத் தருவார்கள். அதைப் பிறகு வீடு வீடாகச் சேர்க்க வேண்டும். லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது. பேரும் தோட்டத்தின் பேரும் மட்டும் போட்டு வரும் கடிதம், தப்பால்காரருக்கு ஆளைத் தெரிந்தால்தான் போய்ச் சேரும். மணியத்துக்கு எல்லோரையும் தெரியும். பதினொரு வருடத்தில் ஒரு கடிதமும் தவறவிட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். அவர் பேருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை என்பதைச் சொல்லமாட்டார்.

மழைதான் அவருக்குப் பகை. குடையைப் பிடித்தால் இருக்கிற ஒரே கையும் போய்விடும். காலில் அட்டை ஏறினால் பிடுங்கக் கையில்லை, கேட்டைத் திறக்கக் கையில்லை, வழுக்குகிற இடத்தில் மரத்தைப் பிடிக்கக் கையில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கி, கழுத்தில் சாய்த்து, எல்லாம் செய்து பார்த்துவிட்டு நனைந்தே வருவார். இரண்டு மழைக்காலம் இருமல் அவரை விட்டுப் போகவில்லை.

சுமித்ரா உயர்தரப் பரீட்சை எழுதி, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. போனில் ஏதோ ஒரு நாட்டில் ஒரு ஆள் இரண்டு கையிலும் சாமான் தூக்கிக்கொண்டு, முதுகில் குடை நட்டுக்கொண்டு போவதைப் பார்த்தாளாம். சந்தியில் கபூர் நானாவின் இரும்புக் கடையில் கழித்துப்போட்ட பைப் துண்டு ஒன்றை வாங்கி வந்தாள். பள்ளிக்கூடப் பையை அறுத்து வாரை எடுத்தாள். பலகை இறப்பர் மரம். மூன்று நாளில் அப்பாவின் முதுகில் மாட்டி, இடுப்பில் ஒரு பட்டியையும் இழுத்துக் கட்டி, சுற்றி வந்து பார்த்தாள்.

"கைய ஆட்டுங்க அப்பா."

ஆட்டினார். குடை அசையவில்லை.

"குனிங்க."

குனிந்தார். குடையும் கூடவே குனிந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தட்டிவிட்டது. இராஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் லயம் முழுக்க அதே பேச்சு. "ஏய், சப்பரம் வருது, வழிய விடுங்க" என்றார்கள் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். "தொரைக்கே கொட புடிக்க ஒரு ஆளு வேணும். மணியண்ணனுக்கு ஆளே வேணாம், பாத்துக்க" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்த அந்தப் பகிடி மணியத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அன்று சாயங்காலமே மகளிடம் கேட்டார்.

"மக, இத எப்படி மடக்கிறது?"

"கழட்டி கீழ வச்சு, இந்த ஆணிய இழுத்தா மடங்கும்."

"நடந்துகிட்டே மடக்க ஏலாதா?"

"மழையில எதுக்கு மடக்கணும்?"

"தொரை வந்துட்டா?"

சுமித்ராவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். "அவரு ஜீப்புல நனையாம வாறாரு. நீங்க நடந்து நனையாம போறீங்க. இதுல யாருக்கு என்னாப்பா?"

மணியத்துக்குத் தெரிந்த முறை வேறு. தொரை எதிரில் வந்தால் ரோட்டோரத் தண்ணீர்க் கான் பக்கமாக ஒதுங்கி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, விரித்த குடையை மடக்க வேண்டும். இதை இப்போது யாரும் கேட்பதில்லை. இப்போதைய தொரை முப்பத்தைந்து வயதுப் பெடியன். கட்டைக் காற்சட்டை போட்டுக்கொண்டு பொழுதுபட்டால் ரோட்டில் ஓடுகிறவர். லயத்துப் பிள்ளைகள் போனைப் பார்த்தபடியே அவரைக் கடந்து போகிறார்கள். ஆனால் மணியத்தின் வயதுக்காரர்களுக்கு ஜீப்பின் சத்தம் கேட்டாலே கை குடையின் கொக்கியைத் தேடும். அது பயமா மரியாதையா என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. இந்தக் குடை மடங்காது. தொரைக்கு முன்னால் தலைக்கு மேலே விறைத்துக்கொண்டு நிற்கும்.

தொரை குடியிருக்கும் பங்களாவுக்கு ரோடு திரும்புகிற வளைவில் ஒரு மதகு இருக்கிறது. மணியம் அங்கே நின்று குடைப்பலகையைக் கழற்றி, மதகுக்குப் பக்கத்துப் புதருக்குள் வைத்துவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பங்களா கேட்டைக் கடந்து ஆபீஸ் வரைக்கும் வெறும் தலையோடு நடப்பார். திரும்பி வரும்போது எடுத்து மாட்டிக்கொள்வார். போக நாலு நிமிடம், வர நாலு நிமிடம். ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால், "காத்துல சாரல் அடிச்சிச்சு மக" என்பார். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சுமித்ராவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

சுமித்ரா நேர்முகக் கடிதத்துக்குக் காத்திருந்தாள். எழுத்துப் பரீட்சையில் தேறியாகிவிட்டது. நேர்முகத்துக்குப் போய்விட்டால் கல்லூரி, கல்லூரி முடிந்தால் டீச்சர். லயத்தை விட்டு வெளியே வர அவள் கண்டுபிடித்த ஒரே கதவு அது. தினமும் வாசலிலேயே கேட்பாள்.

"கடுதாசி வந்திச்சா அப்பா?"

"வரல மக. கவுர்மெண்டு வேல, மெதுவாத்தான் வரும்."

மணியத்தின் மனதில் அந்தக் கடிதத்துக்கு ஒரு உருவம் இருந்தது. பெரிய வெள்ளை உறை, சிவப்பு முத்திரை, பதிவுத் தபால், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியது. அப்படி ஒன்று வந்தால் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஓடியே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

வைகாசி மழை பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை. ரோடு தெரியவில்லை. மணியம் வழக்கம்போல மதகடியில் குடைப்பலகையைக் கழற்றிவிட்டு நடந்தார். பங்களா கேட்டில் ஜீப் நின்றது. உள்ளே தொரை போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கடந்து போகலாமா, அது போகட்டும் என்று நிற்கலாமா? மணியம் நின்றார். கான் ஓரமாக ஒதுங்கி, சாரத்தை இறக்கிவிட்டு, பையை அணைத்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் போயிற்று. தொரை அவரைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். முன்பெல்லாம் பைக்குள் ஒரு பொலித்தீன் உறை இருக்கும். அது கிழிந்து நாளாயிற்று. குடைப்பலகை வந்த பிறகு புதிதாக ஒன்று அவர் தேடவில்லை.

ஆபீசில் கிளார்க் மதுசன் பையைத் திறந்தபோது உள்ளேயிருந்து சிவப்புத் தண்ணீர் வடிந்தது. பையின் கிழிந்த வாய்க்கு இராஜம் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தாள். சாயம் இறங்கிவிட்டது. மதுசன் மேல்பிரிவு லயத்தில் பிறந்தவன்தான். வெளியே அவனை "தம்பி" என்பார் மணியம், ஆபீசுக்குள் "ஐயா".

"என்ன மணியண்ணே, கெணத்துல போட்டு எடுத்தீங்களா?" என்று ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் பரப்பினான். ஒரு மெல்லிய மண்ணிற உறை கூழாகக் கிடந்தது. மேலே சிங்களத்தில் எழுதிய விலாசம் சிவப்பில் கரைந்து போயிருந்தது. "இது யாருக்குன்னே தெரியல. ஒங்களுக்கு ஏதாச்சும் வெளங்குதா பாருங்க."

மணியம் எட்டிப் பார்த்தார். "நமக்கு சிங்களம் வாயிலதானே ஐயா, கண்ணுல இல்லியே."

"சேமலாப நிதிக் காசு குடுக்கிறவங்க கவர் மாதிரி இருக்கு. பிரிக்க நமக்கு உரிமையில்ல. திருப்பி அனுப்பிருவோம், அவங்க பாத்துக்குவாங்க."

சனிக்கிழமை காலையில் மணியம் அந்த உறையைப் பையில் வைத்துக் கொண்டுபோய், தபால் கந்தோரில் தன் கையாலேயே கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதிய உறை வந்தது. வெள்ளை உறை. மதுசன் வாசித்துப் பார்த்து, "மணியண்ணே, ஒங்க மகளுக்கு!" என்றான். மணியம் அன்று மதகடியில் குடைப்பலகையை எடுக்கக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"மக! கவுர்மெண்டு கடுதாசி! வா, வா!"

இராஜம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுமித்ரா உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரு மண்ணிற உறை, காய்ந்து சுருங்கி, சிவப்புக் கறையோடு. அதற்குள் ஒரு தாள். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு தேதியைப் பார்த்தாள், பிறகு சுவரில் காலண்டரைப் பார்த்தாள்.

"நேர்முகம் பதினாலாம் தேதி" என்றாள். "முடிஞ்சி ஒம்போது நாளு."

மணியம் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கறையை அவருக்குத் தெரியும்.

"இது நனைஞ்சிருக்கு" என்றாள் சுமித்ரா. "எங்க நனைஞ்சிச்சி? ஒங்க முதுகுலதான் கொட இருந்திச்சே?"

இராஜத்துக்குத்தான் தாங்கவில்லை. "பங்களா வளைவுல கழட்டி வச்சிட்டுத்தான் மக ஒங்கப்பா போவாரு. எல்லாருக்குந்தான் தெரியுமே."

சுமித்ரா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் மணியம் பிழைத்திருப்பார்.

"தொரை கழட்டச் சொன்னாரா?"

"இல்ல மக."

"கணக்கப்பிள்ள சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப யாருதான் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவள் கல்லூரிக்கு நாலு தடவை போன் எடுத்தாள். ஒரு தடவை எஹலியகொடையிலிருந்து பஸ் பிடித்து நேரிலேயே போய்ப் பார்த்தாள். பட்டியல் மூடிவிட்டது என்றார்கள். அடுத்த தடவைக்கு அவள் பரீட்சை எழுதிய ஆண்டு சேராது என்றார்கள். நாடே காசில்லாமல் தவித்த அந்த வருடம் லயத்துக்கு ஒருவராவது வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆவணி மாதத்தில் ருவான்வெல்லையிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரர் வந்து பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். குவைத்தில் வீட்டு வேலை. மணியம் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது?

அவள் போன பிறகு குடைப்பலகை கொஞ்ச நாள் ஆணியில் தொங்கியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் மணியம் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். மதகடி வந்தது. நிற்கவில்லை. குடையோடே நடந்தார். பங்களா கேட்டுக்கு எதிரே வரும்போது பின்னால் ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. மணியத்தின் வலது கை தானாக மேலே போய், குடையின் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் காற்றைத் துழாவியது.

"மணியம்! அது என்ன? ஹரி ஷோக்னே, ரொம்ப நல்லா இருக்கு!" என்றார் தொரை, பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக. "எங்க வாங்கினது?"

"மக செஞ்சி குடுத்திச்சிங்க."

"நல்ல மூளை. இத்தன நாள் ஏன் போடல? எப்பவும் நனஞ்சிதானே வந்தது, நான் பார்த்தேன். குடை இல்லைன்னு நினைச்சேன்." சிரித்தார். "மகள்கிட்ட சொல்லு, இன்னும் நாலு செய்யச் சொல்லி. வாட்ச்சர்மாருக்குக் குடுப்போம்."

"மக இல்லிங்க தொரை. குவைத்துங்க."

"ஆ, அப்படியா" என்றார். கண்ணாடி ஏறியது. ஜீப் போன பிறகும் மணியம் குடைக்குக் கீழே அதே இடத்தில் நின்றார். ஒரு துளி படவில்லை. இத்தனை வருடம் தான் நனைந்ததைத் தொரை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு அது மரியாதையாகவே தெரியவில்லை. குடை இல்லாதவன் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் சுமித்ரா அம்மாவுக்குப் போன் எடுப்பாள். ஆட்டுக்குட்டியைக் கேட்பாள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைக் கேட்பாள், அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்பாள். மணியம் பீலிக்கரைப் பக்கம் போய் நின்றுகொள்வார். ஒரு தடவை இராஜம், "இந்தா, அப்பா நிக்கிறாரு, ஒரு வார்த்த பேசு" என்றாள். "பொறவு எடுக்கிறேம்மா, மேடம் கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டாள். இன்னொரு தடவை இராஜம், "ஒங்கப்பா இப்ப அத கழட்டுறதே இல்ல மக, பங்களாவுக்கு முன்னாலயும் போட்டுகிட்டுத்தான் போறாரு" என்று சொல்லிப் பார்த்தாள். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "சரிம்மா" என்றாள்.

மணியம் அன்று வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த "சரிம்மா"வையும் மனதில் போட்டுப் புரட்டினார். அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

வார் அறுந்தது, தைத்தார். குடைத்துணி கிழிந்தது, வேறு குடை செருகினார். இருமல் திரும்பி வரவில்லை. சில நாள் அதுகூட வந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு வருடமும் மூன்று மாதமும் போன பிறகு, மார்கழியில் ஒரு நாள், மதுசன் பையைத் திறந்து கடிதங்களைப் பிரித்துக்கொண்டே வந்தவன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மணியண்ணே. ஒங்களுக்கு."

"யாரு வீட்டுக்கு ஐயா?"

"ஒங்களுக்குண்ணே. ஒங்க பேருதான் போட்டிருக்கு."

கொழும்புத் தபால் முத்திரை. குவைத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அவள் வந்து இறங்கியதும் போட்டிருக்க வேண்டும். விலாசம் தமிழில், பென்சிலால், பெரிய எழுத்தில் இருந்தது. சந்தியிலிருந்து அதைத் தன் முதுகுக் குடையின் கீழேதான் சுமந்து வந்திருக்கிறார். பை பூட்டியிருந்ததால் தெரியவில்லை. உறை காய்ந்திருந்தது.

லயத்துக் கடிதங்களை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பங்களா கேட்டைக் கடந்து மதகடிக்கு வந்ததும் நின்றார். வீடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. உறையை இடது கைக் கட்டைவிரலால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் கிழித்தார். குடை தலைக்கு மேலே அசையாமல் நின்றது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார்.

"அப்பா,

போனில சொல்ல வாய் வரல. அதுதான் எழுதுறேன். பென்சில்லதான் எழுதியிருக்கேன், நனைஞ்சாலும் அழியாது.

இந்த வீட்டு மேடம் கொடுமக்காரி இல்ல. மேசையில ஒக்காந்து சாப்புடுன்னு வந்த மொத நாளே சொல்லிட்டாங்க. போன கெழம நான் சாப்புட்டுகிட்டு இருந்தேன். அவங்க தண்ணி எடுக்க குசினிக்கு வந்தாங்க. நான் தட்டோட எழும்பி, செவுத்தோட ஒட்டி நின்னேன். அவங்க தண்ணிய எடுத்துகிட்டு போனாங்க, என்ன பாக்கக்கூட இல்ல. அவங்க போன பொறவுதான் நான் நிக்கிறது எனக்கே தெரிஞ்சிச்சி. யோசிச்சி பாத்தா ரெண்டு வருசமா தெனமும் அப்படித்தான் நின்னிருக்கேன்.

யாரும் சொல்லலப்பா.

எப்ப வருவேன்னு தெரியல. அங்க மழைதானே. நீங்க அத கழட்டாதீங்க.

சுமித்ரா."